நண்பர் கொடுத்த டிக்கெட்டுகள்: பரிசு, லஞ்சம், இரண்டு தீர்ப்புகள்

2024 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தில் ஒரு முன்னாள் அமைச்சருக்குத் தண்டனை அறிவிக்கப்பட்டது. நாடு வேறு, சட்டம் வேறு, ஆட்கள் வேறு. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தபோது, ஒரே கேள்விக்கு இரண்டு மாணவர்கள் எழுதிய விடைத்தாள்கள் போலத் தெரிந்தன. கேள்வி இதுதான்: அதிகாரத்தில் இருப்பவருக்கு ஒருவர் ஏதோ கொடுக்கிறார். பதிலுக்கு என்ன பெற்றார் என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. அது குற்றமா?

நம் பேச்சுத்தமிழில் இதற்கு ரெண்டே வார்த்தையில் பதில் இருக்கிறது. "சும்மாவா கொடுப்பான்?" டீக்கடையில் இதைச் சொல்பவருக்கு ஆதாரம் தேவையில்லை. நீதிமன்றத்துக்குத் தேவை. "சும்மாவா கொடுப்பான்" என்ற சந்தேகத்தைச் சட்டம் எந்த அளவுக்குத் தனக்குள் அனுமதிக்கலாம் என்பதுதான் லஞ்சச் சட்டங்களின் அடிப்படைச் சிக்கல். வளர்ந்த நாடுகள், நிறுவனங்கள் வலுவாக இருக்கும் நாடுகள் என்று நாம் நம்பும் இரண்டு இடங்களில் இந்தச் சிக்கலுக்கு நேரெதிர் விடைகள் வந்திருக்கின்றன. இரண்டிலுமே ஒரு ஓட்டை இருக்கிறது என்பது என் வாசிப்பு.

*

முதலில் அமெரிக்கா. இண்டியானா மாநிலத்தில் போர்ட்டேஜ் என்று ஒரு சிறு நகரம். ஜேம்ஸ் ஸ்னைடர் அதன் மேயர். 2013ல் அந்த நகராட்சி குப்பை லாரிகள் வாங்கியது. உள்ளூர் லாரி விற்பனை நிறுவனம் ஒன்றுக்கு இரண்டு ஒப்பந்தங்கள், மொத்தம் சுமார் 11 லட்சம் டாலர். அடுத்த ஆண்டு அதே நிறுவனம் மேயருக்கு 13,000 டாலருக்கு ஒரு காசோலை கொடுத்தது. ஆலோசனைக் கட்டணம் என்றார் மேயர். ஜூரி நம்பவில்லை. ஒரு வருடம் ஒன்பது மாதம் சிறை.

உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிரெட் கவனா. வேலை முடிவதற்கு முன் பேசி வைத்துக்கொண்டு கொடுத்தால் லஞ்சம். முடிந்த பிறகு, முன்பேச்சு எதுவும் இல்லாமல் கொடுத்தால் நன்றிப் பரிசு. மாநில, உள்ளூர் அதிகாரிகளுக்கான இந்தக் கூட்டரசுச் சட்டப்பிரிவு முதலாவதை மட்டுமே தண்டிக்கிறது, இரண்டாவதை மாநிலங்களும் நகராட்சிகளும் தங்கள் சொந்த விதிகளால் பார்த்துக்கொள்ளட்டும் என்றது தீர்ப்பு.

சண்டை முழுக்க ஒரு வார்த்தை பற்றியது. அந்தப் பிரிவு, செல்வாக்குக்கு உட்படவோ வெகுமதி பெறவோ எண்ணி ஊழல் நோக்கோடு பொருள் வாங்குவதைத் தடுக்கிறது. "வெகுமதி" என்ற சொல் அங்கே அச்சில் இருக்கிறது. நீதிபதி கேட்டன்ஜி பிரவுன் ஜாக்சன் தன் மாறுபட்ட தீர்ப்பில் அந்தச் சொல்லைத்தான் சுட்டிக் காட்டுகிறார். வெகுமதி என்பது வேலைக்குப் பிறகு தரப்படுவதுதானே? கவனா தரப்பின் விளக்கம்: முன்பே ஒப்புக்கொண்ட லஞ்சம் பின்னால் கைக்கு வந்தாலும் அதைப் பிடிப்பதற்காகப் போட்ட சொல் அது. வாசிப்பு அரசியல் என்று இலக்கிய விமர்சனத்தில் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இங்கே ஒரு சொல்லின் வாசிப்பில் ஒரு மனிதரின் சிறைத்தண்டனை இருக்கிறது.

கவனாவை எளிதாகக் கேலி செய்துவிட முடியும். செய்யக்கூடாது. அவருடைய பயம் நியாயமானது. நாட்டில் 1 கோடியே 90 லட்சம் மாநில, உள்ளூர் ஊழியர்கள் இருக்கிறார்கள். நன்றாகச் சொல்லிக் கொடுத்த ஆசிரியருக்குப் பெற்றோர் கொடுக்கும் கிஃப்ட் கார்டு குற்றமா? எது குற்றம் என்ற கோடு மங்கலாக இருந்தால், அதை வரையும் அதிகாரம் வழக்குத் தொடுப்பவர் கைக்குப் போய்விடும். இந்த வாதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சிங்கப்பூருக்குப் போகும்போது தேவைப்படும்.

எட்டு வருடங்களுக்கு முன்பே இந்தப் பாதை போடப்பட்டுவிட்டது. வர்ஜீனியா ஆளுநராக இருந்த பாப் மெக்டானலும் அவர் மனைவியும் ஊட்டச்சத்து மாத்திரை விற்கும் ஒரு தொழிலதிபரிடமிருந்து 1,75,000 டாலருக்கு மேல் பரிசுகளும் கடன்களும் வாங்கினார்கள். ரோலக்ஸ் கடிகாரம், ஓட்டிப் பார்க்க ஃபெராரி கார், மகள் கல்யாணச் சாப்பாட்டுச் செலவு. ஆளுநர் அவருக்காக அரசு அதிகாரிகளுடன் சந்திப்புகள் ஏற்பாடு செய்தார், ஆளுநர் மாளிகையில் விருந்து நடத்தினார். 2016ல் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகத் தண்டனையை நீக்கினார்கள். சந்திப்பு ஏற்பாடு செய்வது மட்டுமே "அலுவல் செயல்" ஆகிவிடாது என்று காரணம் சொன்னார்கள். நடந்தது அருவருப்பானது என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸே எழுதினார். அருவருப்பு வேறு, குற்றம் வேறு.

ஒரு விஷயம் உறுத்துகிறது. ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் யாருக்கும் வருடாந்திரக் கட்டாயப் பயிற்சி என்ற சடங்கு தெரியும். "தீபாவளிக்கு வெண்டர் ஒருவர் உங்களுக்கு விலையுயர்ந்த கடிகாரம் அனுப்புகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?" நான்கு விடைகள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிலுக்கு வெண்டருக்கு நீங்கள் என்ன செய்து கொடுத்தீர்கள் என்று அந்தக் கேள்வித்தாள் கேட்பதே இல்லை. வாங்கினாலே தப்பு. ஒரு மாநில ஆளுநருக்கு இருக்கும் சலுகை ஒரு ஜூனியர் டெவலப்பருக்கு இல்லை.

*

அமெரிக்க நீதிமன்றம் உண்மையில் கேட்பது ஒரு முழுக் கதையை. தொடக்கம், பேரம், பரிமாற்றம், விளைவு என்று கண்ணி விடாமல் கோத்துக் காட்ட வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் குற்றம் இல்லை. பணமும் அதிகாரமும் உள்ளவர்கள் அப்படிக் கண்ணி வைத்துப் பேசிக்கொள்வதில்லை என்பதுதான் பிரச்சினை. "இதைச் செய், அதைத் தருகிறேன்" என்பது போக்குவரத்து போலீஸ்காரரிடம் நடக்கும் உரையாடல். மேலே போகப்போக உரையாடல் குறைந்து நட்பு கூடிவிடுகிறது.

சிங்கப்பூர் வழக்கு அப்படி ஒரு நட்பைப் பற்றியது. எஸ். ஈஸ்வரன் போக்குவரத்து அமைச்சராக இருந்தவர், தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் நாட்டின் தமிழ் அமைச்சர். 1997 முதல் நாடாளுமன்ற உறுப்பினர். சிங்கப்பூரின் ஃபார்முலா 1 இரவுப் பந்தயம் 2008ல் தொடங்கியது. அந்தப் பந்தயத்துக்கான அரசு வழிகாட்டுக் குழுவுக்கு ஈஸ்வரன் தலைவர். பந்தயத்தை நடத்தும் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குதாரர் ஹோட்டல் அதிபர் ஓங் பெங் செங். அந்த நிறுவனத்துக்கும் அரசின் சுற்றுலா வாரியத்துக்கும் ஒப்பந்தம். மேசையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

2023 ஜூலையில் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு இருவரையும் கைது செய்தது. ஈஸ்வரன் மீது மொத்தம் 35 குற்றச்சாட்டுகள். பட்டியலைப் படித்தால் வினோதமாக இருக்கும். கார்ப் பந்தய டிக்கெட்டுகள், இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டுகள், லண்டனில் 'ஹாமில்டன்', 'ஹாரி பாட்டர்' நாடக டிக்கெட்டுகள், தனி விமானத்தில் தோஹா பயணம். அரசு ஒப்பந்த வேலையோடு தொடர்புடைய ஒரு கட்டுமான நிறுவன முதலாளியிடமிருந்து விஸ்கி, ஒயின், ஒரு பிராம்ப்டன் மடிப்பு சைக்கிள். எல்லாம் சேர்த்து சுமார் 4,03,000 வெள்ளி. சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழில் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள்.

முதலில் இரண்டு குற்றச்சாட்டுகள் 1960ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் இருந்தன. உலகின் மிகக் கறாரான சட்டங்களில் ஒன்று அது. அரசோடு தொழில் செய்யும் ஒருவரிடமிருந்து அரசு ஊழியர் ஏதாவது பெற்றால், அது ஊழல் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது வாங்கியவர் பொறுப்பு. மென்பொருள் மொழியில் சொன்னால் டிஃபால்ட் மதிப்பையே மாற்றி வைத்திருக்கிறார்கள். "சும்மாவா கொடுப்பான்" என்பதைச் சட்டமாக எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

அப்படிப்பட்ட சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டும், 2024 செப்டம்பரில் விசாரணை தொடங்கும் நாளில் அரசுத் தரப்பு பின்வாங்கியது. ஊழல் குற்றச்சாட்டுகள் இரண்டும் தண்டனைச் சட்டத்தின் 165ஆம் பிரிவுக்கு மாற்றப்பட்டன. தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் சொன்ன காரணம் முக்கியமானது. பரிமாற்றத்தில் இரண்டு தரப்பு. ஊழல் இல்லை என்று சொல்வதில் இரண்டு தரப்புக்குமே லாபம். திருட்டில் பறிகொடுத்தவர் சாட்சி சொல்ல வருவார். லஞ்சத்தில் பறிகொடுத்தவர் அந்த அறையிலேயே இல்லை.

*

165ஆம் பிரிவு எனக்கு இந்த வழக்கின் கதாநாயகன். மெக்காலே 1837ல் வரைந்து தொடங்கி வைத்து, 1860ல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டத்தில் பிறந்தது. அங்கிருந்து கப்பலேறி சிங்கப்பூர் போனது. இந்தியாவில் 1988ல் அதை நீக்கி, ஊழல் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவாக வைத்தார்கள். சிங்கப்பூரில் பழைய எண்ணிலேயே, அரிதாகவே பயன்பட்டு, இருந்துகொண்டிருந்தது.

அது சொல்வது எளிமையானது. உன் அலுவலோடு தொடர்புள்ளவர் என்று உனக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து, விலை கொடுக்காமலோ போதாத விலை கொடுத்தோ மதிப்புள்ள பொருளை வாங்காதே. அவ்வளவுதான். நீ பதிலுக்கு என்ன செய்தாய் என்று அது கேட்பதில்லை. கொடுத்தவன் மனதில் என்ன இருந்தது என்றும் கேட்பதில்லை.

இந்திய தண்டனைச் சட்டத்தின் தனித்தன்மை அதன் உதாரணங்கள். ஒவ்வொன்றும் நாலு வரிக் கதை. 165ன் கீழ் வரும் முதல் கதையில் ஒரு கலெக்டர், தன்னிடம் வழக்கு நிலுவையில் இருக்கும் ஒருவருடைய வீட்டை வாடகைக்கு எடுக்கிறார். மாதம் 50 ரூபாய். நியாயமான வாடகை 200. கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. வழக்கில் கலெக்டர் என்ன தீர்ப்பு சொன்னார்? சொல்லப்படுவதில்லை. நேர்மையாகவே தீர்ப்பளித்திருக்கலாம். 150 ரூபாய் இடைவெளியிலேயே குற்றம் முடிந்துவிட்டது.

இந்தச் சிக்கனத்துக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. பிளாசிப் போருக்குப் பிறகு கிழக்கிந்திய கம்பெனிக்காரர்கள் நவாப்களிடம் வாங்கியதெல்லாம் "பரிசு" என்றே அழைக்கப்பட்டது. 1788ல் தொடங்கி 1795 வரை நடந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான பதவிநீக்க விசாரணையில் பரிசு வாங்கியதும் ஒரு குற்றச்சாட்டு. கடைசியில் ஹேஸ்டிங்ஸ் விடுவிக்கப்பட்டார். பேரத்தை நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்தத் தலைமுறைக்கு நன்றாகவே தெரியும். அமெரிக்கச் சட்டம் முழுக் கதை கேட்கிறது என்றால், 165 கதையே தேவைப்படாத சட்டம்.

ஈஸ்வரன் 165ன் கீழ் நான்கு குற்றச்சாட்டுகளையும், நீதிக்கு இடையூறு செய்ததாக ஒரு குற்றச்சாட்டையும் ஒப்புக்கொண்டார். மீதி 30ம் தண்டனையின்போது கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன. அரசுத் தரப்பு கேட்டது ஆறிலிருந்து ஏழு மாதம். நீதிபதி வின்சென்ட் ஹூங் கொடுத்தது 12 மாதம். பதவி உயர உயரப் பொறுப்பும் கூடும், அரசு நிறுவனங்கள் மீதான மக்களின் நம்பிக்கையே இங்கே பாதிக்கப்பட்டது என்ற வழியில் போனது அவருடைய தர்க்கம். அரை நூற்றாண்டில் சிறைக்குப் போன முதல் சிங்கப்பூர் அமைச்சர் ஈஸ்வரன்.

நட்பு என்ற வாதத்துக்கு வழக்கிலேயே பதில் இருக்கிறது. அது ஒரு காசோலை. 2022 டிசம்பரில் தோஹாவிலிருந்து திரும்பி வந்த விமான டிக்கெட்டின் விலை 5,700 வெள்ளி. 2023 மே மாதம், புலனாய்வுப் பிரிவு விமானப் பயணிகள் பட்டியலைக் கைப்பற்றிவிட்டது என்று ஓங் சொல்லித் தெரிந்த பிறகு, தனக்கு பில் போடச் சொல்லி அந்தத் தொகையைக் கட்டினார் ஈஸ்வரன். வருடக்கணக்கில் விலை கேட்காத நட்பு, போலீஸ் வந்ததும் ரசீது கேட்கிறது. இடையூறுக் குற்றமானது அந்தக் காசோலைதான்.

*

இதுவரை சிங்கப்பூருக்குக் கைதட்டுவது சுலபம். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் மூன்று இடங்களில் எனக்குக் கை நின்றுவிடுகிறது.

ஒன்று, சம்பளம். அமைச்சர்களுக்கு நிறையக் கொடுத்தால் கை நீட்ட மாட்டார்கள் என்பது லீ குவான் யூ காலத்திலிருந்து சிங்கப்பூரின் கோட்பாடு. 1994ல் அதை வெள்ளை அறிக்கையாகவே போட்டார்கள். 2012க்குப் பிறகு புதிதாக வரும் அமைச்சரின் ஆண்டுச் சம்பள அளவுகோல் 11 லட்சம் வெள்ளி. நாட்டில் மிக அதிகம் சம்பாதிக்கும் 1,000 குடிமக்களின் இடைநிலை வருமானத்தில் 60 சதவீதம் என்பது கணக்கு. இந்தச் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு நாடக டிக்கெட் வாங்கக் காசு இல்லாமலா போகும்? அவர் பெற்றது காசு கொடுத்து வாங்க முடியாத ஒன்று: அந்த வட்டத்துக்குள் ஒருவராக இருப்பது. தனி விமானத்தில் ஒரு இருக்கை, பந்தயத்தின் சிறப்பு அறைக்குள் நுழையும் அட்டை. சம்பளச் சூத்திரம் அமைச்சரிடம் வருடா வருடம் என்ன சொல்கிறது என்று யோசித்துப் பாருங்கள். உன்னை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டியவர்கள் இந்த 1,000 பேர், அவர்களைவிட நீ 40 சதவீதம் குறைவு. பசியைப் போக்கும் என்று கொண்டுவந்த சூத்திரம் எந்தப் பந்தியைப் பார்த்துப் பசிக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுக்கிறது.

இரண்டு, கொடுத்தவர். 165 வாங்கியவரைப் பார்த்து எழுதப்பட்ட பிரிவு. கலெக்டர் கதையில் வீட்டுக்காரர் கிட்டத்தட்ட பாவப்பட்டவர். 1860ல் அது சரியாக இருந்திருக்கலாம். ஹோட்டல் அதிபர் பாவப்பட்டவர் அல்ல. ஓங் மீது உடந்தைக் குற்றச்சாட்டுகள் வந்தன. 2025 ஆகஸ்டில், இடையூறுக்கு உடந்தையாக இருந்ததை ஒப்புக்கொண்டார். கடுமையான எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் இருந்ததால் நீதிமன்றம் கருணை காட்டி 30,000 வெள்ளி அபராதத்தோடு விட்டது. நோயாளிக்குக் காட்டிய கருணையில் எனக்குப் புகார் இல்லை. சைக்கிளும் விஸ்கியும் கொடுத்த கட்டுமான முதலாளி மீது வழக்கே போடப்படவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஒரு சாய்வு தெரிகிறது.

அந்தச் சாய்வு இந்த வழக்கோடு தொடங்கியதும் அல்ல. கெப்பல் என்ற பெரிய சிங்கப்பூர் குழுமத்தின் கடல்சார் நிறுவனம் பிரேசிலில் ஒப்பந்தங்கள் பிடிக்க சுமார் 5.5 கோடி அமெரிக்க டாலர் லஞ்சம் கொடுத்தது. 2017ல் அமெரிக்கா, பிரேசில், சிங்கப்பூர் மூன்று நாடுகளுக்கும் சேர்த்து 42.2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 2023 ஜனவரியில் ஆறு முன்னாள் மூத்த நிர்வாகிகளுக்குச் சிங்கப்பூர் கொடுத்தது கடுமையான எச்சரிக்கை. வழக்குத் தொடர ஆதாரம் போதாது என்றார்கள். கவனாவின் பயம் ஞாபகம் இருக்கிறதா? கோடு அகலமாக இருந்தால் யாரை உள்ளே இழுப்பது, யாரை விடுவது என்பது வழக்குத் தொடுப்பவரின் விருப்பம். சிங்கப்பூரில் அந்த விருப்பத்துக்கான காரணங்கள் ஒரு பத்திரிகைச் செய்தி அளவுக்குத்தான் வெளியே வருகின்றன.

மூன்றுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்வது. கதை தேவைப்படாத சட்டத்தில் ஜெயித்தால் கதை வெளியே வராது. குற்றத்தை ஒப்புக்கொண்டதால் விசாரணை இல்லை, சாட்சிகள் இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. அந்த ஒப்பந்தங்கள் ஒருவேளை சரியாகவே போடப்பட்டிருக்கலாம். அரசுக்கு நஷ்டம் ஏற்பட்டதாக நீதிமன்றம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் சாட்சிக் கூண்டில் யாரையும் ஏற்றிக் கேட்டு வந்த முடிவு அல்ல இது. 165க்கு அந்தக் கேள்வியே தேவைப்படவில்லை.

அமெரிக்காவில் தலைகீழ். ஸ்னைடர் தண்டனையிலிருந்து தப்பினார். ஆனால் குப்பை லாரி டெண்டர் எப்படிப் போடப்பட்டது, யார் யாரிடம் பேசினார்கள் என்பதெல்லாம் நீதிமன்ற ஆவணங்களில் பக்கம் பக்கமாகக் கிடக்கிறது. மெக்டானலின் ரோலக்ஸை உலகமே பார்த்தது. அங்கே முழுக் கதையும் தெரிகிறது, தண்டனை இல்லை. இங்கே தண்டனை இருக்கிறது, கதை இல்லை.

இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் 165ஐ எடுத்துக்கொள்வேன். அதிகாரத்தில் இருப்பவர் வாங்கக்கூடாது என்ற எளிய விதி, நட்பு பற்றிய ஆயிரம் பக்க விவாதத்தைவிடச் சாதாரண மனிதருக்கு மரியாதை தருகிறது. ஆனால் ஒன்றுதான் கிடைக்கும் என்று யார் சொன்னது? தண்டனைக்கு 165 போதும். அதன் பிறகு அந்த அமைச்சர் தொட்ட ஒப்பந்தங்களைத் தனியாக, பகிரங்கமாக ஆராயலாம். கொடுத்தவர் மேல் ஏன் வழக்கு இல்லை என்பதற்கான காரணத்தை விரிவாக எழுதி வெளியிடலாம். இதற்கெல்லாம் புதுச் சட்டம்கூட வேண்டாம். மனம் வேண்டும்.

இப்போதைக்கு, மடிப்பு சைக்கிள் வரை ஒவ்வொரு பொருளின் விலையும் நீதிமன்ற ஆவணத்தில் இருக்கிறது. "சும்மாவா கொடுப்பான்?" என்று கேட்டவருக்கு நீதிமன்றம் "வாங்கியதே தப்பு" என்று பதில் சொல்லிவிட்டது. சரியான பதில். ஆனால் அவர் கேட்டது வேறு கேள்வி.